நாலு விரல் வெளிச்சம்

அந்த மனிதருக்கு வெளிச்சம் என்பது உப்பு மாதிரி. கிள்ளித்தான் போடுவார். குழம்பை வாயில் வைக்காமலே கரிக்கிறது என்று சொல்லும் மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். எரிகிற பல்பைப் பார்த்துக் கரிப்பதுபோல் முகம் சுளித்த ஆள் என் ஆயுசில் இவர் ஒருவர்தான்.

பேரைச் சொல்ல மாட்டேன். அவர் சம்சாரம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள். அவள் வாயில் விழுகிற தெம்பு இப்போது எனக்கு இல்லை. எங்கள் முகாமில் எல்லோரும் அவரைப் பேட்டரிவாலா என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தத் தீவுகளில் வங்காளியும் தெலுங்கனும் ராஞ்சிக்காரனும் தமிழனும் சண்டை போடுவதே இந்தியில்தான். பட்டப்பேரும் அதிலேயே அமைந்துவிட்டது.

சுனாமி அடித்து மூன்றாம் மாதம் நிக்கோபாரில் எங்கள் கச்சால் தீவுக்கு வந்தார். கரையோரம் இருந்த எங்கள் லயங்களை அலை வழித்துக்கொண்டு போயிருந்தது. மேட்டில் நின்ற ரப்பர் மரங்கள் மட்டும் தப்பின. அந்த மரங்களுக்குப் பக்கத்திலேயே தகரத்தால் வரிசை வரிசையாக ஷெட்டுப் போட்டு எங்களை உள்ளே வைத்தார்கள். நாங்கள் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு இங்கே ரப்பர் பால் வெட்ட வந்தவர்கள். லயத்தில் பிறந்தவளுக்கு வரிசை வீடு புதிதில்லை. ஆனால் மலையில் இருந்தது கல் லயம். இது தகரம். பத்து மணிக்கு மேல் உள்ளே உட்கார்ந்தால் இட்லி மாதிரி வெந்து எழுந்திருக்கலாம். போதாததற்கு மெயின்லேண்டிலிருந்து யாரோ புண்ணியவான் ஆளுக்கு இரண்டு கம்பளி அனுப்பியிருந்தார். அந்த வேக்காட்டில் கம்பளியைப் பார்த்தாலே எனக்கு வேர்த்தது.

பேட்டரிவாலா ஹெலிகாப்டரில் இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஒரு சாமானாக வந்து இறங்கினார். தூத்துக்குடியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பட்டறையில் வேலை. முகாம் ஜெனரேட்டரைச் சரிசெய்ய ஒரு காண்டிராக்டர் பிடித்து அனுப்பியிருந்தார்.

"மூணு நாள் வேலதான், அக்கா. சுத்திக் குடுத்துட்டுப் போயிருவேன்" என்றார் என்னிடம்.

நான்கு வருஷத்துக்கு மேல் இருந்தார்.

ஜெனரேட்டர் ஓடிய முதல் நாளே ஷெட்டு ஷெட்டாக ஏறி இறங்கினார். லைட் போடத்தான் வருகிறார் என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. அவர் ஒவ்வொரு ஷெட்டிலும் இரண்டு பல்பில் ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மீதி இருந்ததையும் நடுவிலிருந்து பெயர்த்து அடுப்புக்கு மேலே கட்டினார்.

"ஏந் தம்பி, இப்படிக் கட்டுனா சட்டிதான் தெரியும். ஆளு மூஞ்சி தெரியாதே" என்றேன்.

"கொதிக்கிறது சட்டிதான? மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போறிய?"

"உங்க ஊர்ல பொண்ணு பாக்குறதும் இருட்டுலதானா?"

"அது பகல்லக்கா. பகலுக்கு டீசல் ஊத்த வேண்டாம்லா."

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. என்னிடம் வாய் கொடுத்துச் சமமாகத் திரும்பிப் போன ஆள் அந்த முகாமில் வேறு கிடையாது.

சிரிப்பு வந்ததே தவிர, அவர் செய்தது சரி என்பது மழைக்காலத்தில்தான் தெரிந்தது. கடல் கொந்தளித்து ஆறு வாரம் கப்பல் வரவில்லை. டீசல் பீப்பாய் காலி. மண்ணெண்ணெய் காலி. நாங்களோ விடிவதற்கு முன்னால் மரத்தடியில் நின்றாக வேண்டியவர்கள். வெயில் ஏறிவிட்டால் பால் இறங்காது. இருட்டில் பட்டையைச் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம், ஒரு நூல் மேலே போனால் பால் இல்லை. மரத்தில் காயம் கூடினால் தோட்டத்துத் தொரை கத்தியைப் பிடுங்கிக்கொண்டு புல் வெட்ட அனுப்பிவிடுவார். அதனால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வெட்டினோம். வேலை நேரத்தில் நான் வாய் பேசாமல் இருந்தது அந்தக் காலத்தில்தான். தொரை முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டையும் தீர்ந்தது. கடையில் புதுக் கட்டை கிடையாது. தூக்கி எறிந்த பழைய கட்டைகளை ஒருவர் குப்பையில் பொறுக்குவதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தால் நம் ஆள். பொறுக்கியதையெல்லாம் துடைத்து, என் ஷெட்டுத் தகரக் கூரையில் வெயிலுக்குப் பரப்பி வைத்தார். அந்தப் பக்கம் நான் கருவாடு காயப்போட்டிருந்தேன்.

"வாசனை புடிக்கும் தம்பி. அப்புறம் ஒங்க லைட்டுல மீன் நாத்தம் அடிக்கப் போகுது."

"அடிக்கட்டும். சூடு ஏறுனா கொஞ்சம் உசிரு திரும்பும்லா."

"செத்ததுக்கு ஏது தம்பி உசிரு?"

"செத்த கட்டைன்னு ஒண்ணு கிடையாதுக்கா. டார்ச்சுக்குப் பத்தல, அம்புட்டுதான். உள்ள இன்னும் கெடக்கு. கேக்குற விதமாக் கேட்டாக் குடுக்கும்."

கேட்கிற விதம் என்ன என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜெனரேட்டர் கரண்டு எகிறி வெடித்துப் போன சுருள் பல்புகளை உடைத்து, உள்ளேயிருந்து ஒரு கறுப்பு வளையத்தை எடுத்தார். குட்டி உளுந்து வடை மாதிரி, நடுவில் ஓட்டை. அதில் மெல்லிய கம்பி இரண்டை ஜோடியாகக் கோத்து, எண்ணி எண்ணிச் சுற்றினார். நனைந்து போன ரேடியோவிலிருந்து மூன்று கால் பூச்சி மாதிரி ஒரு சாமானைப் பிடுங்கி அதோடு சேர்த்தார். நிவாரணத்தில் வந்து உடைந்த டார்ச்சிலிருந்து அரிசி முனை அளவு எல்.இ.டி. பல்பு. ஈயம் பற்றவைக்கக் கரண்டு இல்லை. செம்புக் கம்பியை என் அடுப்புத் தணலில் காய்ச்சித் தொட்டார். செத்த கட்டையில் சொட்டுச் சொட்டாக மிச்சமிருப்பதை அந்த வளையம் சேர்த்துச் சேர்த்து உதைத்துத் தள்ளுமாம். அப்படித்தான் எனக்குச் சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை, அவரும் அதற்கு மேல் சொல்கிற ஆள் இல்லை.

கம்பி சுற்றும்போது குறுக்கே பேசக் கூடாது. நான் பேசாமல் இருப்பேனா?

"பதினேழா தம்பி, பத்தொம்பதா?"

நிமிர்ந்து பார்ப்பார்.  சுற்றியதையெல்லாம் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். மூன்று தடவை பிரிக்க வைத்தேன். நான்காவது தடவை எனக்கே பாவமாகப் போய் எழுந்து போய்விட்டேன்.

கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றார். "அக்கா, வெட்டும்போது எம்புட்டு எடம் ஒங்களுக்குத் தெரியணும்?"

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"கத்தி அம்புட்டுத் தூரமா ஓடுது?"

ஒரு சாண் காட்டினேன். அவர் அசையவில்லை. கத்தியை எடுத்து மரத்தில் வைத்துப் பார்த்தேன். கத்தி முனைக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல், இந்தப் பக்கம் இரண்டு விரல்.

"நாலு விரல்" என்றேன், தோற்றுப்போன குரலில்.

பவுடர் டப்பா மூடியைக் கூம்பாக மடக்கி, சைக்கிள் டியூப் வாரில் பொருத்தி, நெற்றியில் கட்டிக்கொள்கிற மாதிரி செய்து கொடுத்தார். லைட்டைப் போட, அணைக்க ஒரு பேனாக் கிளிப். பட்டையில் சரியாக நாலு விரல் அகலத்துக்கு வட்டமாக விழுந்தது வெளிச்சம். வட்டத்துக்கு வெளியே மரம் இருக்கிறதா, உலகம் இருக்கிறதா ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நாலு விரலில் பட்டையின் வரி ஒவ்வொன்றும் தெரிந்தது.

"கீழ பாம்பு கெடந்தா?" என்று கேட்டேன்.

"பாம்பு ஒங்க வேலை இல்லக்கா."

"பாம்புக்கு அது தெரியணுமே!"

யோசித்தார். மறுநாள் கூம்பின் அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். காலடியில் மங்கலாக ஒரு பொட்டு விழுந்தது. முகாமில் பால் வெட்டுகிற எல்லோருக்கும் லைட் செய்து கொடுத்தார். ஓட்டை என் லைட்டில் மட்டும்தான். அவர் வாழ்க்கையில் யாருக்காவது கூடுதலாகக் கொடுத்தது உண்டென்றால் அந்த ஊசி ஓட்டைதான்.

செத்த கட்டை ஒன்று வாரக்கணக்கில் வந்தது. அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்: வேலை முடிந்த நொடியில் அணைக்க வேண்டும். வியர்வையைத் துடைப்பது அப்புறம், பெருமூச்சு விடுவது அப்புறம், கை முதலில் கிளிப்புக்குப் போக வேண்டும். அவர் அப்படித்தான் செய்வார். கடைசி ஈயம் பற்றியதும் டப்பென்று அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து மீதிப் பேச்சைப் பேசுவார். "பேசுறதுக்கு லைட்டு எதுக்கு?" என்பார். அதனால் அவர் முகத்தை நினைக்கப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கைதான் வருகிறது. கட்டைவிரல் நகத்தில் ஈயச் சூடு பட்ட கறுப்பு வரை அப்படியே இருக்கிறது.

கஞ்சன் என்று முகாமில் ஏசினார்கள். நானும் கூடச் சேர்ந்து ஏசியிருக்கிறேன். செல்லம்மா விஷயத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

செல்லம்மா எங்கள் வரிசையில் கடைசி ஷெட்டு. அலையில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள். ஜெனரேட்டர் நின்றதும் கத்தத் தொடங்கிவிடுவாள். நாலு பேர் போய் லைட் கேட்டோம், ராத்திரி பூராவும் எரிகிற மாதிரி. பேட்டரிவாலா முடியாது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் பெட்டியைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். அவரோ செல்லம்மாவிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"இருட்டுல ஒனக்கு என்ன தெரியலைன்னு பயம்மா இருக்கு, தாயி?"

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "கதவு. கதவு தொறக்குமோ தொறக்காதோன்னு."

அலை வந்த அன்று வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்காமல் போயிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. யாரும் கேட்கவில்லை. இவர் கேட்டார். இருந்ததிலேயே மோசமான கட்டையைப் போட்டு, கூம்பை இன்னும் குறுக்கி, தாழ்ப்பாள் மேல் மட்டும் மின்மினி மாதிரி வெளிச்சம் விழும்படி கட்டிவிட்டு வந்தார். "தாழ்ப்பா தெரிஞ்சாப் போதும்லா?" என்றார். செல்லம்மா அன்று தூங்கினாள். அந்தக் கட்டை இருபது ராத்திரி வந்தது.

இப்படி எல்லோருக்கும் கதவைக் காட்டிய மனிதர் தானே அந்தத் தீவை விட்டு வெளியே போக முடியாமல் கிடந்தார்.

கச்சாலை விட்டுப் போவது அப்போது இப்படித்தான்: நிலமே ஒரு பக்கம் அமுங்கிப் போனதால் ஜெட்டி தண்ணீருக்குள் கிடந்தது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தண்ணீர் ஏறி உடைந்த காங்கிரீட்டை மூடிய பிறகு டுங்கிப் படகில் நம்மைக் கொண்டுபோவார்கள். கப்பல் பக்கவாட்டில் கயிற்று ஏணி தொங்கும். டுங்கி ஆள் உயரத்துக்கு ஏறும், இறங்கும். ஏறுகிற நேரம் பார்த்துப் படியைப் பிடித்துத் தொற்ற வேண்டும். குழந்தைகளைக் கைக்குக் கை மாற்றி மேலே தூக்குவார்கள்.

பேட்டரிவாலா வந்தது ஹெலிகாப்டரில். திரும்ப ஹெலிகாப்டர் கிடைக்க நோயாளியாகவோ ஆபீசராகவோ இருக்க வேண்டும்.

மூன்று நாள் வேலை முடிந்து அவர் கிளம்பிய முதல் கப்பல் நண்பகலில். அதே டுங்கியில் நானும் மூட்டையோடு இருந்தேன், போர்ட்பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போக. அவர் ஏணியைப் பிடித்தார். ஒரு காலை வைத்தார். டுங்கி கீழே இறங்கியது. அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். அவ்வளவுதான். இரண்டு கையும் கயிற்றோடு பூட்டிக்கொண்டன. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. டுங்கி ஓட்டுகிற பிலிப்பும் இன்னொருவனும் விரல் விரலாகப் பிரித்து இறக்கினார்கள்.

கரையில் யாரோ என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "லிஸ்ட்ல பேரு இல்ல" என்றாராம்.

அப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் தகரப் பெட்டியோடு கரைக்கு இறங்குவார். மரத்தடியில் நின்று பார்ப்பார். கப்பல் போனதும் பெட்டியோடு மேடேறி வருவார். "பேரு இல்லக்கா." "இடம் இல்லக்கா." "அடுத்ததுல பாப்பம்." முகாமில் இருநூறு பேருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களில் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருந்தது. ஒருவன் கடற்கரைப் பக்கம் முதுகைக் காட்டியே நடப்பான். எனக்கு, பக்கெட்டுத் தண்ணீர் தானாக லேசாக ஆடினால் போதும், கால் ஓடத் தொடங்கிவிடும். காற்றா நிலநடுக்கமா என்று புத்தி அப்புறம்தான் கேட்கும். எழவு வீட்டில்கூடக் கிண்டல் செய்கிறவள் நான். அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை விளையாடியதில்லை.

அப்படியே வருஷம் போயிருக்கும், அவர் சம்சாரம் மட்டும் அங்கே சும்மா இருந்திருந்தால்.

முகாமுக்கு ஒரு போன் பூத்து இருந்தது. பலகைத் தடுப்புத்தான், உள்ளே பேசுவது வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். தூத்துக்குடி அம்மாள் பேசினால் வரிசைக்கு வெளியேயும் கேட்கும்.

"நாலு வருசமா கப்பல்ல எடம் இல்லன்னு சொல்லுதிய. கப்பலா அது, தீப்பெட்டியா? இங்க பாருங்க. அந்தத் தீவுல எவளையும் வச்சிருந்தாலும் சரி, வைக்காட்டாலும் சரி, நான் ரெண்டு புள்ளையளையும் கூட்டிட்டுப் போர்ட்பிளேருக்கு டிக்கெட் போட்டாச்சு. அங்கேருந்து ஒங்க தீவுக்குக் கப்பல் ஏறிருவேன்."

"இங்க எறங்க முடியாதுட்டி..."

"நீங்க எறங்குனியள்லா? நாங்க எறங்க மாட்டமா?"

போனை வைத்துவிட்டாள். இவர் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற நான் எட்டி அதை வாங்கி மாட்டினேன். 

அவள் வருவதற்குள் இவர் போர்ட்பிளேர் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சரி. அதற்கு ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது, ஐந்தாம் நாள். அதையும் விட்டால் அவளும் பிள்ளைகளும் அந்த ஏணியில் இறங்குவார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. இவர் கரையில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஐந்து நாளும் அவர் கம்பி சுற்றவில்லை. கூரையில் கட்டைகள் கிடந்தபடி கிடந்தன. காக்கா ஒன்றைத் தூக்கிப்போனதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை.

நான் பிலிப்பிடம் போனேன். நிக்கோபாரிப் பையன், எங்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போனவன். "கடல்ல பானி எப்படா ஏறும் அன்னைக்கி?"

"ரெண்டு டைம், ஆன்ட்டி. சாயங்காலம் ஒண்ணு. சுபா, விடியக்கால நாலு மணிக்கி ஒண்ணு. அந்தேரால, அந்த இருட்டுல யாரு வருவா? சாயங்காலம்தான் ஆளுங்கள ஏத்துவோம்."

"நாலு மணிக்கி ஒரு நடை போடு. நானும் வர்றேன்."

பிலிப் என் முகத்தைப் பார்த்தான். "டீக் ஹை" என்று ஒத்துக்கொண்டான். வேறு கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பேட்டரிவாலா பட்டறை மூலையில் உட்கார்ந்திருந்தார். என் நெற்றி லைட்டைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"தம்பி, இதுல எவ்ளோ தெரியும்?"

"என்னக்கா கேக்கிய. நாலு விரல்."

"கப்பல் ஏணிப் படி எத்தன விரல் கனம்?"

நிமிரவே இல்லை. லைட்டை எடுத்தார், அமுக்கினார், தன் உள்ளங்கையில் வெளிச்சத்தை விழவிட்டுப் பார்த்தார். உடனே அணைத்தார்.

"ரெண்டு" என்றார்.

எல்லோருக்கும் செய்து கொடுத்தவரிடம் தனக்கென்று ஒரு லைட் கிடையாது. அதனால் என்னுடையதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இதோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. கிளம்புகிற விடியலில், அவர் பெட்டியைக் கட்டுகிற நேரத்தில், எனக்கு ஒரு எண்ணம் குறுக்கே விழுந்தது. நாலு வருஷத்துக்கு அப்புறம் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கப் போகிற ஆள். நெற்றியில் செத்த கட்டையைக் கட்டிக்கொண்டா புறப்படுவது? எங்களில் பயணம் போகிறவருக்குப் பழைய துணிகூடக் கட்டிக் கொடுக்க மாட்டோம். கடையில் வாங்கி அரிசி டின்னில் வைத்திருந்த புதுக் கட்டையை எடுத்தேன், சாமியை நினைத்து ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன், அவருக்குத் தெரியாமல் மாற்றிப் போட்டேன். பெருமையாக வேறு இருந்தது.

வழியனுப்ப வந்தவர்களோடு டுங்கியில் நாங்கள் ஆறு பேர். கப்பலின் பெரிய விளக்கு மறுபக்கத்தில் எரிந்தது. எங்கள் பக்கம் கப்பல் ஒரு கறுப்புச் சுவர். பிலிப் படகை ஒட்டிப் பிடித்தான். பேட்டரிவாலா டியூப் வாரை நெற்றியில் மாட்டி அமுக்கினார். ஏணிப் படி ஒன்று தெரிந்தது. பிடித்தார். காலை வைத்தார். அடுத்த படி. அடுத்தது. டுங்கி கீழே இறங்கியது, அவர் இறங்கவில்லை. நான்கு வருஷத்துக்குப் பிறகு அவர் பாரம் எங்கள் படகில் இல்லாமல் போனது. நான் மூச்சை விட்டேன்.

ஆறாவது படியில் நின்றுவிட்டார்.

புதுக் கட்டை சூடு பிடித்திருந்தது. நாலு விரல் எங்கே, ஒரு முழத்துக்கு வெளிச்சம் பரவிக் கப்பல் தகரமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அது போகட்டும். பாம்புக்காக எனக்குப் போட்டுக் கொடுத்தாரே ஊசி ஓட்டை, அது வழியாக ஒரு வெள்ளைக் கோடு நேராகக் கீழே இறங்கி, அவர் காலுக்கும் எங்கள் படகுக்கும் நடுவே புரள்கிற தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். இரண்டு கையும் பூட்டிக்கொண்டது கீழே இருந்தே தெரிந்தது.

"ஆன்ட்டி, படகு நிக்காது! பெரிய அலை வருது! ஜல்தி!" என்று பிலிப் கத்தினான். மேலே கப்பல்காரர்கள் கத்தினார்கள். இந்தத் தடவை விரலைப் பிரித்து இறக்க ஒருவருக்கும் எட்டாது.

அந்த வெளிச்சத்தைப் போட்டது நான். அவரை அங்கே ஒட்டவைத்தது நான்.  ஆறுதலாகப் பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், வேறு வந்துவிட்டது.

"என்னா தம்பி, வெளிச்சம் பத்தலியா? இன்னும் ஒரு புதுக் கட்டை வச்சிருக்கேன், தூக்கிப் போடவா?"

ஏணியில் தலை அசைந்தது. "புதுக் கட்டையா? யாருக்கா கட்டைய மாத்துனது?"

"நான்தான். பொட்டு வச்சிப் போட்டேன்!"

"ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இந்த லைட்டுக்கு எவளாவது புதுக் கட்டை போடுவாளா?" கை ஒன்று கயிற்றை விட்டு மேல் படிக்குப் போனது. "ஒரு மாசத்துக்கு வார கட்டைலா!" அடுத்த படி. "கடல்ல ஊத்துதியளே!"

"இப்ப என்னா கெட்டுப்போச்சு? அடுத்த கப்பல்ல ஒன் பொஞ்சாதி வரும்போது அவளுக்கும் ஒண்ணு போட்டுத் தர்றேன். பெரியவளுக்கு ஒண்ணு, சின்னவனுக்கு ஒண்ணு. மூணு பேரும் தண்ணியப் பாத்துக்கிட்டே எறங்கட்டும்!"

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான்கு வருஷம் யாரும் தொடாத இடத்தில் கை வைத்துவிட்டேன் என்று. 

 வெளிச்சம் ஒரு தடவை ஆடியது. அப்புறம் ஏறியது. படி, படி, படி. குனியவே இல்லை. கப்பல் விளிம்பில் இரண்டு கைகள் நீண்டு அவர் சட்டையைப் பிடிப்பது அந்த வீணாய்ப்போன வெளிச்சத்தில் தெரிந்தது. அதற்குள் லைட் பட்டென்று அணைந்தது.

"அய்யோ!" என்று பின்னால் ஒரு பெண் அலறினாள். பிலிப் துடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "லைட்டுப் போச்சு ஆன்ட்டி! ஆளு பானில விழுந்துட்டாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது, அது உப்புக் காற்று.

"உக்காருடா. விழல. வேலை முடிஞ்சிருச்சி, அணைச்சிட்டாரு."

அப்புறம் அவர் வரவே இல்லை. வரச்சொல்லி நாங்களும் கேட்கவில்லை. சம்சாரத்தோடு போர்ட்பிளேரிலிருந்து பூத்துக்குப் போன் பண்ணினார். அந்த அம்மாள் அரை மணி நேரம் பேசினாள். அவர் கடைசியில் வாங்கி, "அக்கா, கட்டைய எடுத்து வச்சிருக்கேன். இன்னும் கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று அவரை ஏற்றிவிட்டு நாங்கள் கரை வந்தபோது இன்னும் விடியவில்லை. நேரே மரத்துக்குப் போனேன். என் லைட் கப்பலில் போய்விட்டது. பழைய டார்ச்சைத் தேடியெடுத்து வாயில் கவ்விக்கொண்டு வெட்டத் தொடங்கினேன்.

தொரை அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார். "என்னா, இன்னைக்கி சத்தத்தையே காணோம்?"

டார்ச்சு வாயில் இருந்தது நல்லதாகப் போயிற்று.